டார்ட்டன் துணியும் ஆளற்ற பள்ளத்தாக்குகளும்

எடின்பரோவின் தேசிய ஓவியக்கூடத்தில் ஹென்றி ரேபர்ன் 1812 அளவில் வரைந்த முழு உருவ ஓவியம் ஒன்று இருக்கிறது. உடல் முழுவதும் டார்ட்டன் எனப்படும் கட்டம் போட்ட கம்பளி உடை, கையில் துப்பாக்கி, பின்சுவரில் கேடயமும் வாள்களும். பக்கவாட்டிலிருந்து விழும் ஒளியில் நிமிர்ந்து நிற்பவர் கிளென்கேரி பள்ளத்தாக்கின் குலத்தலைவரான அலெஸ்டர் மெக்டொனெல். ஸ்காட்லாந்து என்ற பெயரைக் கேட்டதும் உலகத்தின் மனக்கண்ணில் எழும் உருவம் ஏறத்தாழ இதுதான். பிஸ்கட் டப்பாவின் மூடியிலும் விஸ்கி புட்டியின் மேலட்டையிலும் இவரைப் போன்ற ஒருவரே நிற்கிறார்.

மெக்டொனெல் 1815-இல் 'உண்மையான ஹைலண்டர்களின் சங்கம்' என்றோர் அமைப்பைத் தொடங்கினார். மலைநாட்டின் உடையையும் மொழியையும் இசையையும் கலப்பின்றிக் காப்பது அதன் நோக்கம். அதே மனிதருடைய நிலங்களில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த குடிகள், செம்மறிப் பண்ணைக்காரர்கள் தரும் கூடுதல் குத்தகைக்காக வெளியேற்றப்பட்டுக் கப்பலேறினார்கள். அவருடைய பெற்றோர் காலத்தில் தொடங்கிய அந்த வெளியேற்றம் அவர் காலத்திலும் நிற்கவில்லை. இன்று கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் கிளென்கேரி என்ற பெயரில் ஒரு வட்டாரம் இருக்கிறது. அங்கே குடியேறிய இந்தப் பள்ளத்தாக்கு மக்களால் வந்த பெயர் அது. பண்பாட்டைக் காக்கச் சங்கம் அமைத்தவரின் கண்ணெதிரே அந்தப் பண்பாட்டைப் பேசியும் பாடியும் வாழ்ந்தவர்கள் கடல் கடந்தார்கள். அந்த ஓவியத்தின் முன் நிற்கும்போதெல்லாம் எனக்கு வியப்பும் கசப்பும் சேர்ந்தே எழுகின்றன. தீட்டப்பட்ட விதத்தில் அது பேரழகு. அந்த அழகை என்னால் மறுக்க முடியாது, அதற்குப் பின்னால் நடந்ததை மறக்கவும் முடியாது.

நான் பல ஆண்டுகளாக எடின்பரோவில் வாழ்கிறேன். என் பிள்ளைகள் இங்கே பிறந்து இங்கேயே படிக்கிறார்கள். இந்த நாட்டின் தேசிய மரபுகளைப் பற்றியும் அதன் மக்கள்மேல் ஒட்டப்பட்ட முத்திரைகளைப் பற்றியும் எனக்குள் இருக்கும் இருமனத்தை எழுதிவைக்க வேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன்.

கோட்டையிலிருந்து ஹோலிரூட் அரண்மனை வரை சரிந்து இறங்கும் ராயல் மைல் தெருவில் கோடையில் நடப்பவருக்கு அந்த மரபுகள் எல்லாம் ஒரே நடையில் காட்டப்பட்டுவிடும். கடைக்குக் கடை டார்ட்டன் சால்வைகள், கில்ட் எனப்படும் ஆண்களின் மடிப்புப் பாவாடைகள், அதுவும் செயற்கை இழையில் நெய்த மலிவானவை, குலப்பெயர் பொறித்த சாவிக்கொத்துகள், செம்பட்டை முடி ஒட்டிய தொப்பிகள். தெருமுனைகளில் பேக்பைப் எனும் தோல்பைக் குழலின் ஒலி. அந்தச் செம்பட்டை முடித் தொப்பி, ஸ்காட்லாந்து மனிதனைக் குடித்துவிட்டுக் கூச்சலிடும் கோமாளியாகக் காட்டிய ஆங்கிலத் தொலைக்காட்சி நகைச்சுவையால் பரவியது. அதை இந்நாட்டின் தலைநகரத்திலேயே அடுக்கிவைத்து விற்பதைக் காணும்போது எனக்கு உண்மையாகவே வலிக்கிறது.

கில்ட்டின் வரலாறு அந்தக் கடைகள் சொல்வதைவிடச் சிக்கலானது. ஹைலண்ட் என்னும் மலைநாட்டில் 16 ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆண்கள் அணிந்தது, பல கெஜ நீளமுள்ள கம்பளித் துணியை மடிப்பு மடிப்பாக இடுப்பில் வாரால் இறுக்கி, மிச்சத்தைத் தோளில் போர்த்திக்கொள்ளும் உடை. பகலில் ஆடையாகவும் இரவில் போர்வையாகவும் அது உதவியது. இடுப்புக்குக் கீழே மட்டும் நிற்கும் இன்றைய கில்ட் 18 ஆம் நூற்றாண்டில்தான் பரவியது. கிளென்கேரியில் இரும்பு உலை நடத்த வந்த தாமஸ் ராலின்சன் என்ற ஆங்கிலேயரே அதை வடிவமைத்தார் என்றொரு பழைய கூற்று உண்டு. அதை மறுப்பவர்களும் உண்டு. எடின்பரோ, கிளாஸ்கோ உள்ளிட்ட சமவெளியில் வாழ்ந்த பெரும்பான்மையோருக்கு இந்த உடை நெடுங்காலம் அயலாருடையதாகவும் அச்சமூட்டுவதாகவுமே இருந்தது.

1746 ஏப்ரல் 16 அன்று கல்லோடன் களத்தில் ஸ்டூவர்ட் வம்சத்தை மீண்டும் அரியணையேற்ற எழுந்த படை முறியடிக்கப்பட்டது. அவ்வாண்டே நிறைவேறிய சட்டம், ஆண்களும் சிறுவர்களும் ஹைலண்ட் உடை அணிவதைத் தடைசெய்தது. முதன்முறை பிடிபட்டால் ஆறு மாதச் சிறை, மறுமுறை ஏழாண்டு நாடுகடத்தல். 1782 வரை நீடித்த அந்தத் தடையிலிருந்து அரசரின் படையில் சேர்ந்தவர்களுக்கு மட்டும் விலக்கு இருந்தது. தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இங்கே ஒரு செய்தி உண்டு. 1780 செப்டம்பரில் காஞ்சிபுரத்துக்கு அருகே புள்ளலூரில் மைசூர்ப் படை கிழக்கிந்தியக் கம்பெனியின் படையொன்றை வளைத்து அழித்தபோது, அதில் ஹைலண்ட் படைப்பிரிவு ஒன்றின் வீரர்களும் இருந்தார்கள். காயம்பட்டுச் சிறைப்பட்டு ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஆண்டுக்கணக்கில் அடைபட்டுக் கிடந்த டேவிட் பேர்ட் அந்தப் பிரிவின் அதிகாரிதான். அவர்களுள் பலர் புள்ளலூரில் மடிந்த அந்த ஆண்டிலும், அவர்களுடைய ஊரில் ஒரு குடியானவன் தன் தந்தையின் உடையை உடுத்துவது சட்டப்படி குற்றமாகவே இருந்தது. தடைக்காலத்தில் டார்ட்டன் பெரிதும் பிழைத்திருந்தது பேரரசின் படைமுகாம்களில் என்பதை அறிந்தபின், ஒவ்வோர் ஆகஸ்டிலும் கோட்டை வாசலில் நடக்கும் இராணுவ இசை அணிவகுப்பை என்னால் வெறும் காட்சியாகப் பார்க்க முடிவதில்லை.

அடுத்த திருப்பம் 1822 ஆகஸ்டில் வந்தது. ஏறத்தாழ 170 ஆண்டுகளாக ஆட்சியிலிருந்த எந்த அரசரும் ஸ்காட்லாந்து மண்ணை மிதிக்காத நிலையில், நான்காம் ஜார்ஜ் எடின்பரோவுக்கு வந்தார். வரவேற்பை வகுத்தவர் எழுத்தாளர் வால்டர் ஸ்காட். சமவெளிக் கனவான்கள் டார்ட்டன் உடுத்தி வரவேண்டும் என்று அவர் விரும்பினார். அரசரும் இளஞ்சிவப்புக் காலுறைகளின்மேல் கில்ட் அணிந்து தோன்றினார். பானக்பர்னில் இருந்த நெசவாலைக்கு வேலை குவிந்தது. ஒவ்வொரு குலத்துக்கும் தனித்தனிக் கட்ட வடிவம் தொன்றுதொட்டு உண்டு என்ற எண்ணம் இக்காலத்தில்தான் வேரூன்றியது. 1842-இல் சோபியெஸ்கி ஸ்டூவர்ட் என்று தங்களை அழைத்துக்கொண்ட இரு சகோதரர்கள், பழஞ்சுவடி ஒன்றிலிருந்து எடுத்ததாகச் சொல்லிக் குல வடிவங்களின் தொகுப்பு ஒன்றை வெளியிட்டார்கள். அந்தச் சுவடி போலியானது. ஆனாலும் அதில் அவர்கள் வரைந்த வடிவங்கள் பல இன்றும் குடும்ப உரிமையாகப் போற்றப்பட்டு அணியப்படுகின்றன.

இந்தச் செய்திகளை எடுத்துக்காட்டி, ஸ்காட்லாந்தின் மலைநாட்டு மரபுகள் எல்லாம் புனைந்தவை என்று வரலாற்றாசிரியர் ஹியூ ட்ரெவர்-ரோப்பர் 1983-இல் எழுதினார். இங்குள்ள அறிவுலகிலும், டார்ட்டன் மோகம் நாட்டைப் பொம்மையாக்கிவிட்டது என்று அதற்கு முன்பே கடிந்தவர்கள் இருந்தார்கள். அவர்கள் தந்த தரவுகளை நான் ஏற்கிறேன்; அவர்கள் வந்தடைந்த இடத்துக்கு என்னால் போக முடியவில்லை. எந்த மரபுக்கும் ஒரு முதல் நாள் இருந்திருக்கும். 200 ஆண்டுகளாக ஒரு மக்கள் திருமணத்துக்கும் இறுதிச் சடங்குக்கும் உடுத்தும் ஒன்றை, அதன் பிறப்புச் சான்றிதழ் சரியில்லை என்று தள்ளிவிட முடியாது. என்னைத் தைப்பது அதன் வயது அன்று. அந்தப் படம் தீட்டப்பட்ட அதே ஆண்டுகளில், அந்தப் படத்துக்குரிய மக்கள் என்ன ஆனார்கள் என்பதுதான்.

வடக்கே சதர்லாந்தின் ஸ்ட்ராத்நேவர் பள்ளத்தாக்கில் 1814-இல் குடிகளை வெளியேற்ற வீடுகளின் கூரைகள் கொளுத்தப்பட்டன. அந்த வெளியேற்றத்தை நடத்திய பேட்ரிக் செல்லர் என்ற பண்ணை முகவர்மீது 1816-இல் இன்வர்னெஸ் நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது. அவர் குற்றமற்றவர் என்று விடுவிக்கப்பட்டார். 1819-இலும் அந்தப் பள்ளத்தாக்கில் தீ எரிந்தது. சதர்லாந்தின் பெரும் வெளியேற்றங்கள் முடிந்த மறு ஆண்டே அரசர் எடின்பரோவில் கில்ட் அணிந்து நின்றார். போலிச் சுவடி வெளிவந்த 1842-க்கு மூன்றாண்டுகள் கழித்து, ராஸ் வட்டாரத்தின் கிளென்கால்வி மக்கள் விரட்டப்பட்டுக் குரோய்க் தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் தங்கினார்கள். அந்தத் தேவாலயத்தின் சாய்சதுரக் கண்ணாடிச் சில்லுகளில் அவர்கள் கீறிய எழுத்துகள் இன்றும் இருக்கின்றன. மலைநாட்டின் பழைய மொழியான கேலிக் பேசிய அந்த மக்கள், பிறர் படிக்கட்டும் என்றோ என்னவோ, அவற்றை ஆங்கிலத்தில் எழுதினார்கள். 'கிளென்கால்வி மக்கள், பொல்லாத சந்ததி' என்று அவற்றுள் ஒன்று சொல்கிறது. வீட்டை இழந்தவர்கள், அது தங்கள் பாவத்துக்குத் தண்டனை என்று நம்பும் அளவுக்குத் தள்ளப்பட்டிருந்தார்கள் என்றே நான் அதைப் படிக்கிறேன். அதன்பின் சில ஆண்டுகளுக்குள் விக்டோரியா அரசி பால்மோரல் மாளிகையை வாங்கித் தரைவிரிப்புகளையும் திரைகளையும் டார்ட்டனால் நிறைத்தார். கணவர் ஆல்பர்ட் அதற்கெனப் புதியதொரு கட்ட வடிவத்தையே அமைத்தார். ஆளற்ற மலைகளும் மூடுபனியும் மான்களும் நாட்டின் இயற்கையான முகம் என்று உலகம் நம்பத் தொடங்கியது. நான் காரில் வடக்கே போகும்போது என்னையும் மயக்கும் அந்த வெறுமை, பல இடங்களில் மனிதரால் உண்டாக்கப்பட்ட வெறுமை. கோல்ஸ்பி ஊருக்கு மேலே பென் பிராகி குன்றின் உச்சியில், அந்த வெளியேற்றங்களுக்குப் பொறுப்பான முதலாம் சதர்லாந்து கோமகனின் 100 அடி உயரச் சின்னம் இன்னும் நிற்கிறது.

என்னுடன் வேலை பார்க்கும் ஒருவர் மேற்குத் தீவுகளுள் ஒன்றான லூயிஸைச் சேர்ந்தவர். வீட்டில் கேலிக் பேசி வளர்ந்தவர். ஒருமுறை மதிய உணவின்போது நான் கில்ட்டைப் பற்றிக் கேட்டேன். "என் தாத்தா படையில் இருந்த காலம் தவிர, வாழ்நாளில் ஒரு நாளும் கில்ட் உடுத்தியதில்லை. மீன்பிடிக்கப் போகிறவருக்கு அது எதற்கு? அவருக்குக் கம்பளிச் சட்டையும் கேலிக் மொழியில் பைபிள் சங்கீதம் பாடுவதும்தான் தெரியும்" என்றார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, சபை முழுவதும் அலை அலையாக இழுத்துப் பாடும் அந்தச் சங்கீதங்களை அவர் தம் கைப்பேசியில் எனக்குப் போட்டுக் காட்டினார். ராயல் மைலின் எந்தக் கடையிலும் நான் அதைக் கேட்டதில்லை. அவருடைய பாட்டியின் தலைமுறையினர் பள்ளியில் தாய்மொழி பேசியதற்காக அடிவாங்கியவர்கள். 1872-இல் வந்த கல்விச் சட்டம் எல்லாப் பிள்ளைகளையும் பள்ளிக்கு அழைத்தது. கேலிக் மொழிக்கு அதில் ஓர் இடமும் தரவில்லை.

முத்திரைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஸ்காட்லாந்துக்காரர் கஞ்சர் என்பது உலகெங்கும் வழங்கும் கேலி. அதை மேடையேற்றியவர்களுள் புகழ்பெற்றவர், எடின்பரோவின் போர்ட்டபெல்லோவில் பிறந்த ஹாரி லாடர் என்ற பாடகரே. வளைந்த கைத்தடியும் கில்ட்டுமாக நின்று தம் மக்களின் சிக்கனத்தைச் சிரிப்பாக்கிப் பெரும்பொருள் ஈட்டினார். ஏழைகள் சிறுகச் சிறுகச் சேர்க்கும் காசுக்கு வட்டி தரும் சேமிப்பு வங்கியை 1810-இல் ருத்வெல் என்ற சிற்றூரில் ஹென்றி டங்கன் என்ற போதகர் தொடங்கினார் என்பது அந்தக் கேலியைச் சொல்பவர்களுக்குத் தெரிவதில்லை. வறுமையை அறிந்த மக்களின் கவனத்தைக் கஞ்சத்தனம் என்று பெயரிட்டது செல்வர்களின் கண். குடியைப் பற்றிய முத்திரை இன்னும் கொடியது. 2023-இல் மட்டும் மதுவால் நேரடியாக இறந்தவர்கள் 1,277 பேர். இந்நாட்டு அரசு 2018-இல் மதுவுக்குக் குறைந்தபட்ச விலை விதித்தது அந்தச் சாவுகளைக் குறைக்கத்தான். செம்பட்டை முடித் தொப்பியைக் கண்டு சிரிக்க என்னால் முடியாததற்கு இதுவும் ஒரு காரணம்.

ஹேகிஸ் பற்றிய ஏளனமும் இந்த வகைதான். ஆட்டின் இதயம், ஈரல், நுரையீரல் ஆகியவற்றைக் கொத்தி, ஓட்ஸும் வெங்காயமும் கொழுப்பும் மிளகும் சேர்த்து இரைப்பையில் கட்டி வேகவைப்பது அது. ஞாயிற்றுக்கிழமையில் ஈரலும் குடலும் வாங்கிவந்து குழம்பு வைக்கும் வீட்டில் வளர்ந்தவனுக்கு இதில் முகஞ்சுளிக்க எதுவுமில்லை. ஆட்டை வளர்த்தவனுக்கு மிஞ்சியதை உணவாக்கிய கைத்திறன் அது. கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் பிறந்த சனவரி 25 அன்று இரவு அதைத் தட்டில் ஏந்தி, பேக்பைப் முன்செல்ல எடுத்துவந்து, கவிதை சொல்லி அறுக்கும்போது, அந்த எளிய உணவுக்குச் செய்யும் மரியாதை எனக்குப் பிடிக்கிறது. உழவனாகப் பிறந்து மனித சமத்துவத்தைப் பாடிய பர்ன்ஸ், 1786-இல் ஜமைக்காவின் அடிமைத் தோட்டம் ஒன்றில் கணக்கராகப் போக இருந்தவர். அவருடைய முதல் கவிதைத் தொகுதி பெற்ற வரவேற்பு அந்தப் பயணத்தைத் தடுத்தது. விருந்துகளில் இதையும் ஒரு வரி சொல்லலாம் என்பது என் விருப்பம். விடுதலைக்காகப் போராடித் தோற்ற மக்கள் என்ற படம் இந்நாட்டுக்கு இனிமையானது. கிளாஸ்கோவின் ஜமைக்கா தெருவும், புகையிலை வணிகர்களின் பெயர் தாங்கிய மற்றத் தெருக்களும் வேறொன்றைச் சொல்கின்றன. அடிமை வணிகத்தில் நகரத்துக்கு இருந்த பங்குக்காக அதன் மாநகராட்சி 2022-இல் மன்னிப்புக் கேட்டது.

இலங்கையின் மலையகத்தைப் பற்றிப் படித்தவர்களுக்கு இந்த முரண் இன்னும் நெருக்கமானது. கிங்கார்டின்ஷயரில் பிறந்த ஜேம்ஸ் டெய்லர் 1867-இல் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்டதிலிருந்து வளர்ந்த தோட்டங்களுள் ஹோலிரூட் என்றும் டன்சினேன் என்றும் கிளாஸ்கோ என்றும் பெயர் பெற்றவை உண்டு. தங்கள் நாட்டு நினைவை அந்த மலைகளில் எழுதியவர்களின்கீழ், தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட குடும்பங்கள் லயன் எனப்படும் வரிசை அறைகளில் வாழ்ந்தன. 1948-இல் அவர்களுள் மிகப் பெரும்பாலோர் குடியுரிமையையும் இழந்தார்கள். மண்ணிலிருந்து பெயர்க்கப்படுவதன் வலியை அறிந்த ஒரு நாட்டின் மைந்தர்கள் வேறொரு மக்களைப் பெயர்த்து நட்டு வேலை வாங்கினார்கள். ராயல் மைலின் அடியில் ஹோலிரூட் அரண்மனையைக் கடக்கும்போது அந்தப் பெயர் எனக்கு இரண்டு இடங்களை நினைவூட்டுகிறது.

இத்தனையும் அறிந்த பின்னரும் இந்த மரபுகளுள் சில என்னை முழுமையாக ஆட்கொள்கின்றன. திசம்பரில் என் பிள்ளைகளின் பள்ளியில் உடற்பயிற்சி வகுப்பு நடன வகுப்பாக மாறிவிடும். கேய்லி என்ற கூட்டு ஆட்டத்துக்கான அடவுகளை எல்லாப் பிள்ளைகளும் கற்கிறார்கள். விழா அன்று போலந்துப் பிள்ளையும் தமிழ்ப் பிள்ளையும் நைஜீரியப் பிள்ளையும் கைகோத்துச் சுழல்கிறார்கள். அங்கே பார்வையாளருக்கென்று எதுவும் இல்லை, பெற்றோரும் இழுத்துக்கொள்ளப்படுகிறார்கள். கிறிஸ்துமஸ் 1958 வரை பொது விடுமுறையாக இல்லாத இந்நாட்டில் பெருவிழாவாக விளங்கிய ஹாக்மனே எனும் புத்தாண்டு இரவும் அப்படித்தான். நள்ளிரவுக்குப் பின் முதலில் வாசற்படி மிதிப்பவர் கருமுடியுள்ள ஆணாக இருந்தால் ஆண்டு முழுவதும் நலம் என்பது நம்பிக்கை. மேல்மாடியில் வசித்த முதிய அம்மையார் ஒருவர் என்னைக் கேட்டுக்கொண்டதால், நிலக்கரித் துண்டும் இனிப்பு ரொட்டியும் ஏந்தி அவர் வீட்டுக்குள் நான் போயிருக்கிறேன். வேறெங்கோ என்னை அயலானாகக் காட்டிய அதே கருமை, அந்த வாசலில் மங்கலமாக இருந்தது. அவருடைய மகிழ்ச்சி கலப்படமற்றது. தோற்றத்தை வைத்துத்தான் நான் வேண்டப்பட்டேன் என்ற உறுத்தலும் எனக்குச் சற்று இருந்தது.

பேக்பைப்பைப் பொறுத்தவரை, தெருமுனையில் ஒலிப்பது அதன் சிறு பகுதியே. பீப்ராக் என்ற பெரிய இசைவடிவம், ஓர் அடிப்படை மெட்டை மெல்ல நிறுவி, அதன்மேல் அடுக்கடுக்காக வேறுபாடுகளை வளர்த்து, இறுதியில் தொடங்கிய மெட்டுக்கே திரும்புவது. ஸ்கை தீவின் மெக்கிரிமன் குடும்பத்தார் போன்ற பரம்பரைக் கலைஞர்கள் அதை எழுத்தில் வைக்காமல், அசைகளாகப் பாடிச் சீடர்களுக்குக் கற்பித்தார்கள். நாதத்தை வாயால் பாடி விரலுக்கு ஏற்றும் அந்த முறையை ஓர் ஆசிரியர் செய்துகாட்டக் கேட்டபோது என் உடல் சிலிர்த்தது. இதை அறிந்தவர்கள் இங்கேயே குறைவு என்பதுதான் துயரம்.

சில காலத்துக்கு முன், ஃபைஃப் வட்டாரத்தைச் சேர்ந்த நண்பர் ஒருவர் தம் திருமணத்துக்கு ஆண்கள் எல்லாரும் கில்ட் அணிந்து வரவேண்டும் என்றார். அவருடைய முன்னோர்கள் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிகள்; அவரும் என்னைப் போலவே அதை வாடகைக்கு எடுத்தார். எட்டுக் கெஜக் கம்பளியின் கனம் இடுப்பில் அமர, ஆட்டத்தில் அதன் மடிப்புகள் விரிந்து சுழன்றபோது நான் மகிழ்ந்தேன் என்று வெளிப்படையாகச் சொல்கிறேன். அவருக்கு அது நாட்டின் உடை. அன்றைய நாளின் உண்மை அது. லூயிஸ் தீவு நண்பரும் அந்தத் திருமணத்துக்கு வந்திருந்தார். அவர் மட்டும் ஹாரிஸ் ட்வீட் என்ற கம்பளித் துணியில் தைத்த மேலங்கியில் இருந்தார். 1993-இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, அந்தத் துணியை மேற்குத் தீவுகளில் வாழ்பவர்கள் தங்கள் வீட்டிலேயே கையால் நெய்ய வேண்டும். கம்பளிக்குச் சாயமேற்றுவதும் நூற்பதும் அந்தத் தீவுகளிலேயே நடக்க வேண்டும். அதன் வணிகமும் 1840-களில் ஒரு நிலவுடைமைச் சீமாட்டி ஊக்குவித்ததுதான். ஆனால் அது தறிக்காரரை அவருடைய ஊரில் வைத்திருக்கிறது. அக்ரிலிக் கில்ட்டுக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை நான் இப்படித்தான் அளக்கிறேன்.

2022 கணக்கெடுப்பில் கேலிக் பேசுவோர் 69,701 பேர் என்று பதிவானது. முந்தைய கணக்கைவிட இது கூடுதல், எடின்பரோவிலும் கிளாஸ்கோவிலும் கேலிக் வழிப் பள்ளிகள் வளர்ந்திருக்கின்றன. ஆனால் அந்த மொழியின் கடைசிக் கோட்டையான மேற்குத் தீவுகளில் அதைப் பேசுவோர் முதன்முறையாகப் பாதிக்கும் கீழே, 45 விழுக்காட்டுக்கு, இறங்கிவிட்டார்கள். 2025-இல் நிறைவேறிய சட்டம் கேலிக்கையும் சமவெளி மக்களின் ஸ்காட்ஸ் மொழியையும் அலுவல் மொழிகளாக ஏற்றிருக்கிறது. தீவுகளில் வாடகைக்கு வீடு கிடைக்காமல் இளம் குடும்பங்கள் வெளியேறுவதை மட்டும் அந்தச் சட்டத்தால் நிறுத்த முடியாது; வீடும் வேலையும் படகுப் போக்குவரத்தும் சேர்ந்தால்தான் முடியும் என்று லூயிஸ் தீவு நண்பர் சொல்கிறார். அடுத்த கணக்கெடுப்பு வெளிவரும்போது நான் முதலில் தேடப்போவது அந்த 45 என்ற எண்ணுக்கு என்ன ஆயிற்று என்பதைத்தான்.